ஒய்.பி. இன்ஜின்கள் மேல் விழுந்த பழி

சில வாரங்களுக்கு முன் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சிறிய அரங்கில் நீராவி இன்ஜின்களைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. பழைய லோகோ ஷெட் நண்பர் ஒருவர் போன் செய்து சொன்னதால் மெட்ரோ பிடித்துப் போனேன். பேசியவர் ரயில்வேயில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். திரையில் ஒரு ஒய்.பி. இன்ஜினின் படத்தைப் போட்டுவிட்டு அவர் சொன்னது இது: ஒய்.பி. நல்ல இன்ஜின்தான், ஆனால் கடைசிக் காலத்தில் ஊழியர்களுக்குப் பொறுப்பு போய்விட்டது, கரி போடும் ஃபயர்மேன்கள் பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை, அதனால் லெட் பிளக்குகள் என்கிற பாதுகாப்புத் திருகுகள் அடிக்கடி உருகி விழுந்தன, பயணிகளின் பாதுகாப்பை நினைத்து அந்த வகையையே சீக்கிரம் ஒழிக்க வேண்டியதாயிற்று. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அந்தப் படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். கேள்வி நேரம் முடிந்துவிட்டது, தேநீரின்போது பேசிக்கொள்ளலாம் என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். தேநீரின்போது அவரிடம் போய் நான் யார் என்று சொன்னேன். அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தோளில் கை வைத்து, "அதெல்லாம் பழைய கதை ஜெயராஜ். இப்ப அதைப் பேசி யாருக்கு என்ன ஆகப் போகுது?" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அவர் சொன்னது பொய். பொய் என்று அவருக்கே தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒய்.பி. என்பது மீட்டர் கேஜ் பாதைக்கான பயணிகள் இன்ஜின். ஒய் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் பாசஞ்சர். சரக்குக்கு ஒய்.ஜி. என்று தனியாக இருந்தது. இன்றைக்கு ஏதாவது ஒரு பூங்காவில் இந்த இன்ஜினைப் பார்ப்பவர்கள் வெள்ளைக்காரன் காலத்து வண்டி என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். அதுவும் தவறு. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, நம் பாதைக்கும் நம் நிலக்கரிக்கும் ஏற்றாற்போல் திட்டமிட்டுச் செய்த இன்ஜின் அது. முதலில் வந்தவை வெளிநாட்டில் செய்தவை. அப்புறம் ஜாம்ஷெட்பூரிலேயே கட்டினார்கள். முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் ரெண்டு. மட்டமான கரியைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் நீராவி கொடுக்கும். மைசூர் பாசஞ்சரையும் அரசிக்கெரெ வண்டியையும் அது இழுத்துக்கொண்டு போனதை நம்பித்தான் இந்த ஊரில் பல வீடுகளில் உலை வைத்தார்கள்.

நான் எழுபதுகளில், இன்ஜின்களை நிறுத்திப் பழுது பார்க்கும் லோகோ ஷெட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். எங்கள் வீடு கண்டோன்மென்ட் பக்கம், மாதா கோவிலுக்குப் பின்தெருவில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுத்தியல் பிடிக்கவும், வாயை மூடிக்கொண்டு கவனிக்கவும் கற்றேன். பிறகு பாய்லர்மேக்கர் ஆனேன். பாய்லரைப் பழுது பார்ப்பவன் என்று பொருள். இன்ஜினை ஓட்டுபவர்களுக்கு வெளியில் மரியாதை. எங்கள் வேலை உள்ளே.

எங்கள் ஃபோர்மன் ரங்கப்பா. தும்கூர்ப் பக்கத்துக்காரர். எங்களோடு கன்னடத்தில் பேசுவார், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம், இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை தவறாமல் புரியும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு வேலை முடிந்ததா என்று காலையில் கேட்பார். சாப்பாட்டு வேளையில் அதையே வேறு மாதிரி கேட்பார். மாலையில் கை கழுவும்போது போகிற போக்கில் மறுபடியும் கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் சரி. ஒன்று மாறினாலும் பேசாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நெருப்பறையின் வாய் வழியாகத் தானே உள்ளே இறங்கிவிடுவார். அந்த வயதில், அந்தப் பதவியில், அவர் இறங்க வேண்டிய அவசியமில்லை. வெளியில் நிற்கிற நமக்கு அதைவிடப் பெரிய தண்டனையும் இல்லை.

குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு இன்ஜினுக்கும் வாஷ்அவுட் செய்வோம். பாய்லர் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீர் அடித்தால் தகடு சுருங்கி விரிசல் விடும். ஆறியதும் தண்ணீரை இறக்கி, சுற்றிலும் உள்ள மூடிகளைக் கழற்றி, குழாய் விட்டு அடித்து, உள்ளே படிந்த உப்புப் பாறையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு நெருப்பறைக்குள் இறங்கி, தகடுகளைப் பிணைத்திருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல ஆணி கணீரென்று பேசும். உடைந்தது பொத்தென்று கேட்கும். ரங்கப்பா வெளியே நின்று பாய்லரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நாங்கள் தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு ஆணியைத் தாண்டிப் போனால் கையை எடுத்துவிடுவார். தாண்டியதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த வாஷ்அவுட்டில் கடைசியாகப் பார்ப்பது லெட் பிளக்கை. நெருப்பறையின் கூரை ஒரு தகடு. அதற்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் நெருப்புச் சூட்டில் அது பழுத்து, பாய்லரே வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கூரையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு திருகுகள் வைத்திருப்பார்கள். திருகின் நடுவில் ஓட்டை. ஓட்டையில் காரீயம் நிரப்பியிருக்கும். தண்ணீர் குறைந்தால் முதலில் அந்தக் காரீயம் உருகி விழும், நீராவி நெருப்பின் மேல் சீறிப் பாயும், டிரைவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். பிளக் விழுந்தது என்றால் ஒரு டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் அதைவிட அவமானம் கிடையாது. தண்ணீர் பார்க்கத் தெரியாதவன் என்று பெயர் வந்துவிடும்.

எண்பதுகளில் டீசல் வந்துகொண்டிருந்தது. நீராவி போகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். போகட்டும், அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கரியும் புகையும் தின்று இளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் கோபம் வேறு. போகப் போகிற இன்ஜின்தானே என்று மேலே இருந்தவர்கள் அதற்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆனால் ஓட்டுவதை நிறுத்தவில்லை. குழாய் கேட்டால் இல்லை. ஆணி கேட்டால் இல்லை. பழைய இன்ஜினிலிருந்து கழற்றிப் போட்டுச் சமாளியுங்கள் என்பார்கள். பட்டினி போட்டுவிட்டு, நோஞ்சான் என்று ஏசினார்கள். அந்த ஏச்சுத்தான் அல்சூர் அரங்கில் இன்றைக்கு வரலாறாக நிற்கிறது.

காரீயத்துக்கும் அதே கதி. வழக்கமாக வரும் சுத்தமான காரீயம் நின்றுபோய், ஊரில் யாரோ பழைய சாமானை உருக்கி வார்த்த பாளங்கள் வந்து இறங்கின. எடுத்துப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்தது. காரீயம் மங்கலாக இருக்கும், நகத்தால் கீறினால் தடம் விழும், வளைத்தால் சத்தமில்லாமல் வளையும். இது பளபளவென்று இருந்தது. வளைத்தபோது நறநறவென்று முனகியது. வெள்ளீயம் கலந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவனைக் கேட்டாலே சொல்வான், வெள்ளீயம் கலந்தால் சீக்கிரம் உருகிவிடும் என்று. அதை பிளக்கில் நிரப்பினால், மேலே தண்ணீர் நிறைய இருக்கும்போதே உருகி விழும்.

ரங்கப்பா அந்தப் பாளத்தில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனார். அதே பாளத்தோடு திரும்பி வந்தார். மறுநாள் பிளக் மாற்ற வேண்டிய இன்ஜின்களை வெளியே விட மாட்டேன் என்று நிறுத்தினார். மதியத்துக்குள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இன்ஜின்கள் போயின. அதற்குப் பிறகு அவர் ஒரு வழி செய்தார். பழைய பிளக்குகளிலிருந்து உருக்கி எடுத்த நல்ல காரீயம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பின்பக்கத்து பிளக்குக்கு மட்டும் போடச் சொன்னார். புது ஈயத்தை முன்பக்கத்துக்கு. காரணம் இருந்தது. வண்டி இறக்கத்தில் போகும்போது தண்ணீர் முன்னால் ஓடிவிடும், பின்பக்கத்துத் தகடுதான் முதலில் வெளியே தெரியும். ஆகவே நம்பக்கூடிய பிளக் பின்னால் இருக்க வேண்டும். இருப்பதை வைத்து ஒரு மனிதன் அதற்கு மேல் செய்ய முடியாது.

ஒரு நாள் காலை மைசூர் பாசஞ்சரில் அது நடந்தது. டிரைவர் கஃபூர் சாகிப். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. ஃபயர்மேன் முனிரத்தினம். ஸ்ரீராம்புரத்துக்காரன், அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் ரயில்வேக்கு வந்த முதல் ஆள் இவன்தான். வண்டி பிடதியைத் தாண்டி ராமநகரத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் நெருப்பறைக் கதவைத் திறந்து கரி போட்டுக்கொண்டிருந்தபோது முன் பிளக் விழுந்தது. நீராவி நெருப்பில் பாய்ந்து, திறந்திருந்த கதவு வழியாக வெளியே அடித்தது. அவனுடைய இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துவிட்டன. அந்தக் கையோடுதான் பாய்லருக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, சாகிப்போடு சேர்ந்து அடுப்பின் அடித்தட்டை ஆட்டி நெருப்பைக் கீழே தள்ளினான். பிறகு கடைசிப் பெட்டியில் இருந்த கார்டைக் கூப்பிட்டு, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை, கிளாஸ் என்போம் அதை, பார்க்கச் சொன்னான். அரைக்கு மேல் தண்ணீர் நின்றது. பெட்டியில் இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வெயிலில் வண்டி நடுவழியில் நின்றதற்காக ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்ஜினை இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தினார்கள். ஆறியதும் ரங்கப்பாவும் நானும் உள்ளே இறங்கினோம். தண்ணீர் வற்றிச் சூடேறிய தகட்டைப் பார்த்தால் கண் தெரிந்த எவனும் சொல்லிவிடுவான். நீலம் பாரித்திருக்கும், மேலே படிந்த உப்பு பொரிந்து உதிர்ந்திருக்கும். இந்தத் தகடு சாம்பல் நிறத்தில், எப்போதும் இருப்பதுபோல் இருந்தது. மூடிகளைக் கழற்றிய துளைகளின் வழியாக விளக்கையும் கண்ணாடியையும் விட்டு மேற்பக்கம் பார்த்தேன். உப்புப் படிவு அப்படியே ஒட்டியிருந்தது. பின் பிளக் அசையவில்லை. இறக்கத்தில் போன வண்டியில் தண்ணீர் குறைந்திருந்தால் பின் பிளக் அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? விழுந்தது முன்னால் இருந்தது. வெள்ளீயம் கலந்தது.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டோம். விசாரணையில் என்னைக் கூப்பிடுவார்கள் என்று ரங்கப்பா சொன்னார். உண்மையைச் சொன்னால் பழி முதலில் அவர் தலையில்தான் விழும். பிளக்கைப் போட்டு இன்ஜினை அனுப்பியது அவருடைய ஷெட். இது எனக்கும் தெரியும், நான் தயங்கியது அவருக்கும் தெரிந்தது.

"நீனு ஏனு நோடிதெயோ, அதன்னே ஹேளு" என்றார். நீ என்ன பார்த்தாயோ அதையே சொல்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். அந்த ஈயத்தை வாங்க அனுமதி கொடுத்தவரே நடு நாற்காலியில் இருந்தார் என்பதை வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ரங்கப்பா அவர்களை ஷெட்டுக்கு வரச் சொன்னார். பழைய காரீயத்தையும் புது ஈயத்தையும் ஒரே உலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள் என்றார். நடுவில் இருந்தவர், இது என்ன பள்ளிக்கூடமா என்று மறுத்துவிட்டார். மூன்றாவது நாற்காலியில் இருந்த இளம் அதிகாரி மட்டும் வந்தார். கொல்லுலையில் இரண்டு கரண்டிகளை வைத்தோம். புது ஈயம் தண்ணீராக ஓடியது. அது ஓடி அடங்கிய பிறகும் பழைய காரீயம் கட்டியாகவே கிடந்தது. அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "புரியுது" என்றார்.

அல்சூர் அரங்கில் பேசியவர் அவர்தான்.

என் முறை வந்தபோது பார்த்ததைச் சொன்னேன். தகட்டின் நிறம், உப்புப் படிவு, இரண்டு பிளக்குகள், இறக்கம். நடு நாற்காலிக்காரர் என்னிடம், இன்ஜின் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் ஓடும் இன்ஜினில் தண்ணீர் எப்படி இருந்தது என்று உன்னால் எப்படிச் சொல்ல முடியும் என்றார். கார்டு வந்து கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பார்த்ததாகச் சொன்னார். அது பிறகு திறந்துவிட்ட தண்ணீர் என்று தள்ளினார்கள். கஃபூர் சாகிப்பிடம், வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, அப்படித்தானே என்று கேட்டார்கள். அவர் சன்னலுக்கு வெளியே தூரத்தில் தெரிந்த சிக்னல் கம்பத்தின் கையைக் காட்டி, அது எந்த நிலையில் இருக்கிறது என்று தாமாகவே சொன்னார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியாக ரங்கப்பா எழுந்தார். பிளக் கெட்டது என்று தெரிந்தே இன்ஜினை அனுப்பியது தான்தான் என்றும், தண்டனை கொடுப்பதென்றால் தனக்குக் கொடுக்க வேண்டும், கைவெந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு அல்ல என்றும் சொன்னார். ஆனால் அவரை அவர்கள் தண்டிக்கவில்லை. எப்படித் தண்டிப்பார்கள்? அவரைத் தண்டித்தால் ஏன் கெட்ட பிளக்கைப் போட்டாய் என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் நடு நாற்காலிக்குப் போய்ச் சேரும். அவர் பேசியது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

டிரைவரும் ஃபயர்மேனும் தண்ணீரைக் கவனிக்கத் தவறினார்கள் என்று முடிவானது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். உருகி ஓடிய ஈயத்தைக் குனிந்து பார்த்தவரும் போட்டார்.

கஃபூர் சாகிப்பை இன்ஜினிலிருந்து இறக்கிச் சம்பளத்தைக் குறைத்து ஷெட்டுக்குள் உட்கார வைத்தார்கள். ஒரு டிரைவர் ஓய்வு பெறும் நாளில், கடைசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது இன்ஜினுக்கு மாலை போடுவார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் பிளாட்பாரத்தில் வந்து நிற்பார்கள். அவருக்கு அது இல்லை. ஷெட் வாசலில் நாங்கள் சிலர் கை குலுக்கி அனுப்பினோம். சில வருடங்களில் காலமானார். ரங்கப்பா அடுத்த மாதமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். ஒரு முறை பார்க்கப் போனபோது காபி கொடுத்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். ஷெட்டைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

முனிரத்தினத்தின் கதைதான் என்னால் தாங்க முடியாதது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனை ஃபயர்மேன் வேலையிலிருந்து இறக்கி, எடுபிடி வேலை பார்க்கும் கலாசியாக்கினார்கள். கொஞ்ச காலத்துக்குத்தான், பிறகு பழைய வேலை கிடைக்கும் என்றார்கள். அந்தக் கொஞ்ச காலத்தில்தான் ஃபயர்மேன்களை டீசல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கலாசிக்கு அதில் இடமில்லை. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள், அவனிடம் கரி போடக் கற்றவர்கள், பயிற்சி முடித்து டீசலில் ஏறிப் போனார்கள். தண்டனைக் காலம் முடிந்து அவன் மறுபடி ஃபயர்மேன் ஆனபோது கரி போட இன்ஜின் இல்லை. ஒரு லெவல் கிராஸிங்கில் கேட்மேனாகப் போட்டார்கள். தோல் இறுகிப்போன கைகளால் கேட்டை இறக்கிவிட்டு, கூட வேலை பார்த்தவர்கள் ஓட்டிப் போகும் வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டிக்கொண்டு நின்றான், பணிக்காலம் முடியும்வரை.

மேல்முறையீடு செய்தோம். நான் அவனோடு போனேன், சாட்சி சொல்வதாக எழுதியும் கொடுத்தேன். சங்கத்துக்காரர்கள், நீராவியே போகப் போகிறது, இதற்காக ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றார்கள். இழுத்தடித்து ஒரு வழியாக மனுவை எடுத்துக்கொண்டபோது இன்ஜினைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டோம். அதற்குள் அந்த இன்ஜினை ஏலத்தில் விட்டு, கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சாட்சியே இல்லை என்று மனுவைத் தள்ளினார்கள். சாட்சியை வெட்டி விற்றதும் அவர்கள்தான்.

அப்புறம் மீட்டர் கேஜ் பாதையும் போயிற்று, ஷெட்டும் போயிற்று. நான் பெட்டிகள் பழுது பார்க்கும் இடத்துக்கு மாற்றலாகி, அங்கேயே ஓய்வு பெற்றேன். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மாட்டேன். கேட்ட இடத்திலெல்லாம் சொன்னேன். கேட்டவர்கள்தான் குறைவு. ஆனால் அந்த அதிகாரி மேடையில் ஏறி, ஒய்.பி. இன்ஜினை ஒழித்தது முனிரத்தினம் மாதிரி ஆட்களின் அலட்சியம் என்று படம் போட்டுக் காட்டுகிற காலத்தில், காதில் கேட்டதோடு விட எனக்கு மனமில்லை. ஒரு வகை இன்ஜினின் வரலாற்றை எழுதுவதென்றால் அது எத்தனை வண்டி இழுத்தது என்று மட்டும் எழுதினால் போதாது. கடைசியில் அதற்கு யார் சாமான் கொடுக்க மறுத்தார்கள் என்றும் எழுத வேண்டும்.

போன வாரம் ஸ்ரீராம்புரம் போனேன். முனிரத்தினம் மகள் வீட்டில் மாடியில் இருக்கிறான். சந்து குறுகல், ஆட்டோ உள்ளே போகாது, இறங்கி நடந்தேன். அரங்கில் நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. பேசியவர் யார் என்று சொன்னபோது மட்டும், "உலையாண்ட வந்து பாத்தாரே, அவரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மகள் காபி வைத்துவிட்டுப் போனாள்.

எழுதப் போகிறேன், உன் பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

"பேரு போடு, போடாத போ ஜெயராஜண்ணா. நான் நல்லவன்னு ஒண்ணும் எழுத வேணாம். கிளாஸ்ல தண்ணி இருந்திச்சின்னு எழுது. கார்டு வந்து பாக்கறதுக்கு முந்தி, பிளக்கு விழறதுக்கு முந்தி. கரி போடறதுக்கு முன்னால திரும்பிப் பாத்தேன். அரைக்கு மேல இருந்திச்சி."

அந்தத் தகட்டின் அடியில் படுத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தவன் நான். நானும் எழுதுகிறேன்: தண்ணீர் இருந்தது.